என் காலுக்கு வந்த புண்ணியவான்கள்

பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நான் சிப்பந்தியாக இருந்த காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு இப்பால் மாட்டு வண்டி. வண்டியும் கிடைக்காதவர்களுக்குச் சொந்தக் கால். அந்தச் சொந்தக் கால்களில் ஒன்றை நான் ஏறக்குறைய பறிகொடுத்த கதையைத்தான் எழுதுகிறேன். எழுதும்போது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் தர்ம காரியங்களும் கூடவே வரும். என் காலைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வருத்தப்படுவார்கள்.

என் முதலாளியின் தகப்பனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்து, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி விற்றவர். மகன் காலத்தில் மூட்டை கடையாகி, கடை இரட்டைக் கடையாகி, முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இரக்க குணம் உள்ளவர். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் குணம் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

தோட்டங்களில் சம்பளம் போடும் வாரம் வந்தால் எங்கள் கடையிலிருந்து லுணுகலைக்குத் துணிப் பொதிகளோடு ஒரு வண்டி போகும். வண்டிக்காரரும் நானும் போவோம். அந்தத் தடவை விடாத மழை. பசறையைத் தாண்டி ஒரு வளைவில் பாதையோரம் சரிந்து கிடந்தது. வண்டியின் ஒரு சக்கரம் அதில் இறங்கிவிட்டது. நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக, வண்டி சாய்கிற பக்கமாகவே போய் நின்று பொதியைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தேன். பொதி, வண்டி, நான் மூன்றும் ஒன்றாகப் பள்ளத்தில் கிடந்தோம். என்னை இழுத்து எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. எலும்பு இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பசறையில் ஒரு வைத்தியர் பச்சிலை அரைத்து வைத்து மூங்கில் பத்தை கட்டினார். மறுநாள் அதே வண்டியில் என்னைப் பதுளைக்குக் கொண்டுவந்து கடைவாசலில் நிறுத்தினார்கள். முதலாளி பதறிக்கொண்டு இறங்கி வந்தார். பொதியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஈரம் இறங்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடி ஒரு முறை சாமியை நினைத்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, எப்படிடா இருக்க என்று கேட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதெல்லாம் புதுச் சேலைகள்.

இந்த இடத்தில் தர்ம ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று ஊரில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு அதன் வாசலைக் கண்டாலே நடுக்கம். காய்ச்சலிலும் சீதபேதியிலும் விழுந்து இனிக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்க மாட்டான் என்று ஆனவர்கள், எப்படியாவது இறங்கிப் பதுளைக்கு வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயந்து, லயத்துக்குத் திரும்பவும் முடியாமல், கடை விறாந்தைகளில் சுருண்டு கிடப்பார்கள். சிலர் அங்கேயே முடிந்துபோவார்கள். கடைவாசலில் ஒரு ஆள் செத்துக் கிடந்தால் அன்று வியாபாரம் படுத்துவிடும். இப்படி நாலைந்து வியாபாரம் படுத்த பிறகு எங்கள் கடைத்தெருவில் தர்ம சிந்தனை பிறந்தது.

வியாபாரிகள் ஒரு சபை வைத்தார்கள். தோட்டத் துரைமார் வீட்டுத் துரைசாணிகள் அதற்கு முன்பே ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தன. பசறைப் பாதையில் ஊருக்கு வெளியே ஒரு பழைய கோப்பி ஸ்டோர் இருந்தது. கோப்பிச் செடிகளில் நோய் விழுந்து அந்த வியாபாரமே அழிந்த பிறகு வௌவால்தான் அதில் குடியிருந்தது. அதன் சொந்தக்காரர் அதைத் தர்மத்துக்குக் கொடுத்து, கொடுத்த செய்தியையும் பத்திரிகைக்குக் கொடுத்தார். வெள்ளையடித்தார்கள். கட்டில் போட்டார்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் யார் நினைவாக அது கொடுக்கப்பட்டது என்று ஒரு மரப்பலகையில் எழுதி அடித்தார்கள். திறப்பு விழா நடந்தது. மேளம் வந்தது. எல்லாம் வந்தன, நோயாளிகளைத் தவிர.

ஏன் வரவில்லை என்று சபையில் பல மாதம் ஆலோசித்தார்கள். நன்றி கெட்ட சனங்கள் என்று ஒரு கட்சி, படிப்பறிவு இல்லாத சனங்கள் என்று ஒரு கட்சி. விஷயம் சின்னது. பலகையில் இருந்த பேர்களெல்லாம் செத்துப்போனவர்களுடைய பேர்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த கங்காணி ஒருவர் திறப்பு விழாவன்று அவற்றை உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். செத்தவன் பேருக்குக் கீழே தலை வைத்துப் படுத்தால் அவன் கூப்பிட்டுக்கொள்ள மாட்டானா? விறாந்தையே மேல் என்று சனங்கள் இருந்துவிட்டார்கள்.

இப்படி ஆள் இல்லாமல் சபை தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் காலை உடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம். கடைக்கு வந்திருந்தவர்கள் கேட்கும்படி, "நம்ம பையன்தான். ஆனாலும் தர்மத்துல நம்ம பையன், ஊரான்னு பேதம் பாக்கப்படாது" என்றார். அவருடைய வேலையில் உடைந்த காலுக்கு அவர் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை, ஊர் பார்க்கட்டும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. அன்று சாயந்திரமே அவருடைய தகப்பனார் பேர் எழுதிய பலகைக்குக் கீழே என்னைப் படுக்க வைத்தார்கள். அந்தக் கட்டிலுக்குக் கிடைத்த முதல் நோயாளி நான். என்னை அடுத்து, விறாந்தைகளில் கிடந்த நாலைந்து பேரையும் தூக்கிவந்து போட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு டாக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவான குரல், சுத்தமான கோட்டு. அவர் நெற்றியில் கை வைத்தாலே பாதி நோய் போன மாதிரி இருக்கும். மீதிப் பாதி அங்கேயே இருக்கும். நிரந்தரமாக இருந்தவர் ஒரு வார்டு ஆள். கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, கஞ்சி வைப்பது, கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். அதனால் பதில் மட்டும்தான் நேரத்துக்குக் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை துரைசாணிகள் வருவார்கள். சீமையில் யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்து எங்களுக்கு மாட்டிவிடுவார்கள். அவர்கள் போனதும் வார்டு ஆள் அவற்றைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைப்பார். அடுத்த செவ்வாய்க்கு அழுக்கில்லாமல் வேண்டுமே. ஒரு குண்டுத் துரைசாணி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருப்பார். ஏரி, படகு, வாத்து எல்லாம் போட்ட வர்ணப் படம் ஒன்றையும் தந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். என் காலுக்கு அவர் எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்யாததை அத்தனை அன்பாக வேறு யாரும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை சபையின் முறை. வியாபாரிகள் சந்தனம் மணக்க வருவார்கள். நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல் வரும். காய்ச்சல்காரன், பேதிக்காரன், கால் உடைந்தவன் எல்லோருக்கும் ஒரே அளவு. முதலாளி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கூட வந்தவர்களிடம் பலகையைக் காட்டுவார். பிறகு என்னைக் காட்டுவார். நான் கும்பிடுவேன். அது என் வேலை. கடையில் செய்த வேலையைவிடச் சுலபம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் போன சில நாளில் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். சீதபேதியில் உடம்பு வற்றி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பலகையைப் பார்த்துப் பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. அவர் மனைவியும் கூட வந்திருந்தார். பெண்பிள்ளைகள் வார்டில் தங்கக்கூடாது என்று வார்டு ஆள் சொன்னார். அந்த அம்மாள் கட்டிலுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வார்டு ஆள் சொன்னார். மறுநாளும் அப்படியே. பின்பக்கம் மூன்று கல் வைத்துப் புருஷனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டார். எனக்கும் ஒரு சிரட்டையில் தருவார். நான் துணிக்கடைக்காரன் என்று தெரிந்ததும், போன தீபாவளிக்கு எங்கள் கடையில் வாங்கிய சேலை மூன்றே துவைப்பில் சாயம் போன கதையைத் தினமும் ஒரு தடவை சொல்வார். நான் படுத்த கட்டிலிலிருந்து எழுந்து ஓடவா முடியும்?

இந்த நிலைமையில்தான் அந்த நெட்டைத் துரைசாணி வந்தது. "வந்தது" என்றுதான் எழுத வருகிறது. மரியாதை போட்டு எழுத இரண்டு தடவை பார்த்தேன், பேனா மறுக்கிறது. ஒரு தோட்டத்துப் பெரிய துரையின் அக்கா. கல்யாணமாகாதவள். எங்கேயோ ஒரு யுத்தத்தில் சிப்பாய்களுக்கு மருந்து கட்டியவள் என்று பேச்சு. தம்பி வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். பொழுது போகாமல் கமிட்டியில் சேர்ந்தாள். தமிழ் பேசுவாள். பெரட்டுக் களத்தில் துரைமார் ஆளை விரட்டக் கற்றுக்கொள்கிற தமிழ் அது. எல்லோரும் அதில் "நீ" தான். டாக்டரைத் தவிர, அவரிடம் இங்கிலீசில் பேசினாள்.

முதல் நாள் அவள் யாருக்கும் வந்தனம் சொல்லவில்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளும் அவளும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நேராகப் பின்பக்கம் கக்கூசுக்குப் போய், நெடுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து வார்டு ஆளைப் பிடித்துக்கொண்டாள். அவர் தோட்டத்து வழக்கங்களைப் பற்றி ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தார். அன்று அவருடைய பதில்கள் ஒன்றும் எடுபடவில்லை.

அவள் போன பிறகு கட்டிலுக்குக் கீழிருந்து அந்த அம்மாள் சொன்னார்: "இது என்ன தொரசாணி. மனுசன் மூஞ்சியப் பாக்காது, கக்கூசத்தான் பாக்குது."

மறுவாரத்திலிருந்து எங்கள் சுகம் போயிற்று. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். பாயை வெயிலில் போட வேண்டும். கக்கூஸ் குழியை மூடிவிட்டுத் தூரத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும். சாம்பல் போட வேண்டும். கை கழுவாமல் யாராவது கஞ்சிப் பானையைத் தொட்டால் பானையோடு கஞ்சி வெளியே போகும். செவ்வாய்க்கிழமை மட்டும் வரவேண்டியவள் தினமும் வந்தாள். பதுளை மழையில் குதிரை மேல் நனைந்துகொண்டு வருவாள். ஒரு நாளாவது காய்ச்சலில் விழ மாட்டாளா என்று வார்டே எதிர்பார்த்தது. விழவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பொங்கலும் வந்தது. அவள் வாசலில் நின்றாள்.

"பொங்கல் வாணாம்" என்றாள்.

முதலாளி தணிவாகத்தான் சொன்னார். "அம்மா, இது சாமி பிரசாதம். வேணாம்னு சொல்லப்படாது."

"நல்லது. சாமி சாப்பிடட்டும். வயித்தால போறவன் சாப்பிட வாணாம்."

அன்றைய பொங்கலைச் சபையினர் திரும்பக் கொண்டுபோய்த் தாங்களே சாப்பிட்டுத் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் மேல் கூட்டம். இந்த அவமானத்தைப் பொறுப்பதில்லை, தர்மத்தையே விட்டு விலகுவது என்று பேசினார்கள். அவளுடைய தம்பி தோட்டத்தில் எத்தனை லயம், அந்த லயங்களெல்லாம் எந்த ஊரில் துணி எடுக்கின்றன என்று யாரோ ஒருவர் நினைவூட்டினார். அவமானம் மெல்ல மெல்ல ஜீரணமானது. பொங்கலைவிட அது லேசாகவே இறங்கியிருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. எனக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. கட்டைத் தாண்டிச் சீழ் ஒழுகியது. நாற்றத்தில் நானே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காய்ச்சல் ஏறி, முதலாளியின் தகப்பனார் மூட்டையோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து விலை சொல்வது போலெல்லாம் தெரிந்தது. அவரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார். அவர் தலையைத் தடவினால் நல்ல செய்தி இல்லை என்பது அதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"தம்பி, காலை எடுக்கத்தான் வேணும். விட்டா உயிருக்கு மோசம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இப்படிப்பட்ட கால்கள் ஆளையே கொண்டுபோனதை அவர் பார்த்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். ஒற்றைக் காலோடு எந்தத் துணிக்கடையில் நிற்பேன், ஊரில் அம்மாவுக்கு என்ன எழுதுவேன் என்றெல்லாம் ஓடியது. கட்டிலுக்குக் கீழிருந்து அந்த அம்மாள் எழுந்து வந்தார். சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மட்டும் சாயம் போன கதையைச் சொல்லவில்லை.

முதலாளியிடம் சம்மதம் கேட்டார்கள். அவர் மனம் உடைந்து சம்மதித்தார். சம்மதித்த கையோடு சபையைக் கூட்டி, பாதிக்கப்பட்ட ஏழைக்கு ஒரு மரக்கால் தானம் செய்வது என்று தீர்மானம் போட்டார். கம்பளியும் பொங்கலும் யாரும் கொடுக்கலாம். மரக்கால் இதுவரை ஊவா மாகாணத்தில் யாரும் கொடுத்ததில்லை. கொழும்புக்கு எழுதினார்கள். விழாவுக்குப் போட்டோக்காரரைப் பேசினார்கள். எனக்கு மாலை போடுவதா, காலுக்கு மாலை போடுவதா என்று ஒரு விவாதம் நடந்ததாகவும் வண்டிக்காரர் வந்து சொன்னார்.

கால் எடுக்க வேண்டிய நாள் காலையில் நெட்டைத் துரைசாணி வந்தாள். அதுவரை டாக்டரின் கட்டைத் தொடாதவள் அன்று அதைப் பிரிக்கச் சொன்னாள். டாக்டர் தலைமாட்டில், அவள் கால்மாட்டில். இரண்டு பேரும் இங்கிலீசில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீசு கடை இங்கிலீசு. துரைசாணி "நோ" என்று சொன்னது மட்டும் விளங்கியது. அதை அவள் பல தடவை சொன்னாள். டாக்டரின் முகம் சிவந்தது. கோட்டைச் சரி செய்துகொண்டு வெளியே போனார். அவள் என் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள் என்று சொல்ல ஆசைதான். காலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வெட்டுறது பொறகு வெட்டலாம். வெட்டினா திருப்பி ஒட்ட ஏலாது. இப்ப கழுவுறது. நீ கத்தப்படாது."

நான் கத்தினேன். அன்றைக்கும் கத்தினேன், அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும் கத்தினேன். பசறை வைத்தியரின் பச்சிலை புண்ணுக்குள் சேறு மாதிரி அடைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பீய்ச்சினாள். மூக்கை எரிக்கும் ஒரு மருந்துத் தண்ணீரில் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, அதே மருந்தை என் புண்ணிலும் ஊற்றினாள். காலையிலும் சாயந்திரமும் இதுதான். நான் கெட்ட வார்த்தைகள் சொல்லித் திட்டினேன். அவளுக்கு அந்தத் தமிழ் நன்றாகவே தெரியும் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. பெரட்டுக் களத்தில் அதுதானே முதல் பாடம். ஒரு தடவைகூட அவள் கை நிற்கவில்லை. ஒரு தடவைகூட "பாவம்" என்று சொல்லவுமில்லை.

அவளுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கும் வேலை எப்படியோ அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தது. வார்டு ஆள் கொதித்தது என்று சொல்லும் தண்ணீரை அவள் நம்புவதில்லை. அம்மாளின் மூன்று கல் அடுப்பில் குமிழி வருவதை நின்று பார்த்தாள், நம்பினாள். கொஞ்ச நாளில் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. நோயாளிக்குத் துணையாக வருகிறவர்கள் அதில் சமைக்கலாம், படுக்கலாம். பெண்பிள்ளைகள் தங்கக்கூடாது என்ற சட்டத்தை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பெண்களும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகவும் நான் காணவில்லை.

பலகைகளுக்கும் அந்த நாட்களில்தான் காலம் வந்தது. தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் மூட்டைப்பூச்சி குடும்பம் குடும்பமாக இருப்பதைத் துரைசாணி கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் போட்டு வெந்நீர் ஊற்றச் சொன்னாள். முதலாளியின் தகப்பனார் பேரிலும் வெந்நீர் விழுந்தது. சபை மறுபடியும் கொதித்தது. கடைசியில், பலகைகளை வெளிச்சுவரில், பசறைப் பாதையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வரிசையாக அடிப்பது என்று முடிவானது. வார்டுக்குள் நோயாளிகள் மட்டும்தான் பார்த்தார்கள். பாதையில் ஊரே பார்க்கும். இந்த யோசனையைத் தாங்களே சொன்னதாக மூன்று வியாபாரிகள் பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதோடு கட்டில்களில் இருந்து செத்தவர்களின் பேர் போயிற்று. சனங்களுக்கு இருந்த பயமும் போயிற்று. சபை இத்தனை மாதம் யோசித்தும் கிடைக்காத தீர்வை மூட்டைப்பூச்சிகள் செய்து கொடுத்தன.

ஒரு நாள் காலையில் கழுவும்போது புண்ணிலிருந்து ஏதோ இடுக்கியில் சிக்கியது. அவள் மெதுவாக இழுத்தாள். செத்துப்போன எலும்புச் சில்லு ஒன்று, நகத்தளவு. அதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிந்தது. "இதுதான் கள்ளன்" என்றாள். எனக்கு அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் எழுந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு புண் வற்றியது. காய்ச்சல் விட்டது. டாக்டர் வந்து பார்த்தார். தன் பேச்சு பொய்யானதில் அவருக்கு வருத்தமில்லை, சந்தோஷமாகத் தலையைத் தடவினார். நல்ல செய்திக்கும் அவர் தடவுவார் என்று அன்றுதான் கண்டோம். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு முன்பே எழுந்து நடந்து, தோட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது அந்த அம்மாள், அடுத்த தீபாவளிக்கு வருகிறேன், சாயம் போகாத சேலையாக எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். லயத்துக்குப் போய் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஆள் வர ஆரம்பித்தது. லுணுகலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள், பசறையிலிருந்து வந்தார்கள். பிள்ளைக்காரிகள் வந்தார்கள். இப்போது கட்டில் போதவில்லை என்று சபை கூடியது. நன்றி கெட்ட சனங்கள் என்ற கட்சி, இத்தனை பேர் வந்தால் தர்மம் எப்படித் தாங்கும் என்ற கட்சியாக மாறியது.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து மரக்கால் புறப்பட்டு, ரயிலில் பண்டாரவளைக்கும் வண்டியில் பதுளைக்குமாக வந்து சேர்ந்துவிட்டது. முதலாளி வார்டுக்கு வந்து என் காலைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார்.

"நல்லாவே ஆயிருச்சோ?" என்றார்.

"ஆமாங்க மொதலாளி."

"இனிமே ஒண்ணும் ஆவாதுன்னுதான் டாக்டர் சொல்றாரா?"

"அப்படித்தாங்க சொல்றாரு."

அவர் பெருமூச்சு விட்டார். கடவுள் சித்தம் என்றார். எனக்கே ஏதோ அவரை ஏமாற்றிவிட்டது போல இருந்தது.

போட்டோக்காரருக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று. விழாவை நிறுத்தவில்லை. ஒரு நாற்காலியில் பட்டுத் துணி விரித்து மரக்காலை வைத்து மாலை போட்டார்கள். அதற்கு ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் நான், என் இரண்டு கால்களிலும், ஒரு ஊன்றுகோலோடு. ஆஸ்பத்திரிக்கு அதைப் பொதுவில் தானம் செய்வதாகவும், தேவைப்படுகிற ஏழை எவனுக்கும் அது உதவும் என்றும் முதலாளி பேசினார். குண்டுத் துரைசாணி கண் கலங்கினார். நெட்டைத் துரைசாணி வரவில்லை. அன்று பின்பக்கம் குழிக்குச் சுண்ணாம்பு போட ஆள் வந்திருந்தான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரக்கால் வலது கால். எனக்கு உடைந்தது இடது. இதைப் போட்டோ எடுத்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

கடையில் மறுபடியும் சேர்ந்தேன். ஆனால் லுணுகலை வண்டிக்கு நான் உதவ மாட்டேன், நாள் முழுக்க நிற்கவும் முடியாது. முதலாளி தன் தர்மத்தால் பிழைத்தவன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு வேலைதான், என்றாலும் அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, பெரகலைச் சந்தியில் என் தூரத்து உறவினர் ஒருவரின் பலசரக்குக் கடைக்குப் போய்விட்டேன். பிறகு அது என் கடையாயிற்று. கல்யாணமும் அங்கேதான்.

அந்தத் துரைசாணியை இன்னும் ஒரு முறை பார்த்தேன். மரக்கறி வாங்கப் பண்டாரவளைச் சந்தைக்குப் போயிருந்தேன். போகிற வழியில், ஸ்டேஷனில் அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் தோட்டம் கைமாறிவிட்டது, சீமைக்குப் போகிறாள் என்று போர்ட்டர் சொன்னான். முடி முழுக்க நரைத்திருந்தது. வழியனுப்ப யாரும் வரவில்லை. சபையும் இல்லை, மாலையும் இல்லை, மேளமும் இல்லை. நான் போய் எதிரில் நின்று, வந்தனம் சொல்லி, நான்தான் பதுளையில் படுத்திருந்தவன் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் படுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டித் தழும்பைக் காட்டினேன்.

முகம் மாறியது. "ஓ, இந்தக் கால்" என்றாள். எலும்புச் சில்லு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். நடந்து காட்டச் சொன்னாள். ஸ்டேஷனில் இத்தனை பேர் நடுவில், வயது வந்த கடைக்காரன், அந்தக் கோடிவரைக்கும் போய் நடந்து காட்டிவிட்டு வந்தேன்.

"கொஞ்சம் கட்டை" என்றாள். "இடது செருப்புக்கு அடித்தோல் ஒண்ணு கூடத் தச்சிப் போடு. இல்லாட்டி வயசானா இடுப்பு வலிக்கும்."

நல்லாருக்கியா, பிள்ளை குட்டி இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று நினைத்ததைச் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. போர்ட்டர் பெட்டியைத் தூக்கினான். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். ரயில் போயிற்று.

இன்றைக்கும் அவளை எனக்குப் பிடிக்காது. பெரகலைக்குத் திரும்பிய வாரமே செருப்புத் தைப்பவரிடம் போய் இடது செருப்புக்கு அடித்தோல் கூட்டித் தைக்கச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். டாக்டர் என்றேன். அவள் டாக்டர் இல்லை. வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.